நீதிபோதனை வகுப்பு இருந்தால் பிள்ளைகள் நேர்மையாக வளர்வார்களா?

கேள்வி: 8 ஜூன் 2023

எங்கள் காலத்தில் வாரத்துக்கு ஒரு நீதிபோதனை பீரியட் இருந்தது. ஆத்திசூடி, கொன்றை வேந்தன் எல்லாம் மனப்பாடம். கூடவே பிரம்பும் இருந்தது. இன்று இரண்டும் இல்லை. அதனால்தான் எட்டாம் வகுப்புப் பையன் கூசாமல் பொய் சொல்கிறான், பிட் அடிக்கிறான். பள்ளிக்கூடங்கள் நீதிபோதனையை ஒழுங்காகத் திரும்பக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

9 ஜூன், காலை 6.50

மறுக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். நான் படிக்கும்போதும் அந்தப் பீரியட் இருந்தது. பல வாரம் கணக்கு சார் போர்ஷன் முடிக்க அதை வாங்கிக்கொள்வார். மற்ற வாரங்களில் ஒரு கதை, கதை முடிந்ததும் "இதிலிருந்து நாம் அறிவது என்ன?" பதில் எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்லக் கூடாது என்று தெரியாத பிள்ளையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தெரிந்த பிள்ளை ஏன் சொல்கிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பீரியட் அதைத் தொடவே இல்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1924 முதல் 1929 வரை ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் 8 முதல் 16 வயது வரையிலான சுமார் 11 ஆயிரம் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். நீ நேர்மையானவனா என்று கேட்கவில்லை. ஏமாற்றுவதற்கு வழிவிட்டுப் பார்த்தார்கள். தேர்வுத் தாளை வாங்கிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பதில்களைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். பிறகு விடைக்குறிப்போடு தாளைத் திருப்பிக் கொடுத்து "நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்" என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தாளில் உள்ள வட்டங்களுக்குள் எண் எழுதச் சொல்வார்கள். உண்மையிலேயே கண்ணை மூடினால் அத்தனையும் வட்டத்துக்குள் விழாது. விழுந்திருந்தால் எட்டிப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். புதிர்ப் பெட்டிக்குள் நாணயம் வைத்துக் கொடுத்து, அது திரும்பி வருகிறதா என்றும் பார்த்தார்கள்.

ஒரு சோதனையில் ஏமாற்றிய பிள்ளை அடுத்ததில் நேர்மையாக இருந்தது. தேர்வில் விடையை மாற்றியவன் நாணயத்தைத் தொடவில்லை. எது சரி எது தவறு என்று தெரிந்திருப்பதற்கும் நடத்தைக்கும் இருந்த தொடர்பு மெல்லியது. ஞாயிறு சமய வகுப்புக்குத் தவறாமல் போவதும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பிள்ளைகளை நல்லவர், கெட்டவர் என்று இரண்டு வரிசையில் நிறுத்த அவர்களால் முடியவில்லை.

9 ஜூன், இரவு 9.30

"அப்படியானால் குணம் என்று ஒன்று இல்லவே இல்லையா?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. 1963-இல் ரோஜர் பர்ட்டன் என்பவர் அதே தரவுகளை மறுபடி அலசி, எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான ஒரு சரடு ஓரளவு ஓடுவதைக் காட்டினார். சில பிள்ளைகள் எல்லா இடத்திலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேர்மையாகவே இருக்கிறார்கள். ஆனால் ஒரு சோதனையில் நடந்ததை வைத்து அடுத்ததில் எப்படி நடப்பான் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அந்தச் சரடு தடிமனானது அல்ல. காலையில் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

என் வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன். ரெக்கார்டு நோட்டை அப்படியே பார்த்து எழுதுகிற பெண், கீழே கிடந்த ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கிறாள். அவளைப் பொறுத்தவரை ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது ஏமாற்று அல்ல. எல்லாரும் செய்கிற வேலை.

11 ஜூன்

நீதிபோதனைக்குப் பதிலாக என்னதான் செய்வது என்று கேட்டவருக்கு, எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நேர்மைக் கடை வைத்தோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய பீரோ, கதவு இல்லை. பென்சில், ரப்பர், ஸ்கேல், நாற்பது பக்க நோட்டு, கிராஃப் தாள். விலையைச் சார்ட்டில் எழுதி மேலே ஒட்டியிருந்தோம். மூடியில் துளை போட்ட பிஸ்கட் டின்தான் கல்லா. ஆள் கிடையாது. எடுத்துக்கொண்டு காசு போட வேண்டும். சாயங்காலம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுவார்கள்.

ஆரம்பத்தில் தினமும் காசு குறைந்தது. ஸ்டாஃப் ரூமில் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்ற குரல்கள். பீரோவுக்கு எதிரே கேமரா மாட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேமரா மாட்டிய பிறகு அது சாதாரணக் கடை, ஆள் இல்லாத கடை அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

முடிச்சை அவிழ்த்தது கணக்கு எழுதிய ஆறாம் வகுப்புப் பையன். "டீச்சர், டெஸ்ட் இருக்குற அன்னிக்குத்தான் ரொம்பக் குறையுது" என்றான். அடுத்த டெஸ்ட் நாள் காலையில் தள்ளி நின்று பார்த்தேன். முதல் மணி அடித்துவிட்டது. ஒரு பெண் கையில் பத்து ரூபாய் நோட்டு. பென்சில் ஐந்து ரூபாய். டின்னை ஆட்டிப் பார்க்கிறாள், உள்ளே சில்லறை சத்தம் கேட்கிறது, ஆனால் எடுக்க முடியாது. நோட்டைப் பார்க்கிறாள், பென்சிலைப் பார்க்கிறாள், இரண்டாம் மணி அடிக்கிறது. பென்சிலோடு ஓடிவிட்டாள்.

அவள் திருடவில்லை. நாளைக்குப் போடலாம் என்று ஓடியிருப்பாள். நாளைக்கு மறந்திருப்பாள். நாலாவது நாள் ஞாபகம் வந்தால்கூட, இவ்வளவு நாள் கழித்து எப்படிப் போடுவது என்று கூச்சமாக இருந்திருக்கும்.

டின் பக்கத்தில் திறந்த டப்பா ஒன்றில் சில்லறை வைத்தோம். சணலில் கட்டி ஒரு நோட்டைத் தொங்கவிட்டோம்: பெயர், பொருள், எவ்வளவு பாக்கி. காசு கொடுத்ததும் அவரவரே தன் பெயரை அடித்துவிடலாம். குறைவது நிற்கவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தது. கேமரா பேச்சு தானாக அடங்கியது.

12 ஜூன்

"இது நிர்வாக ஏற்பாடு, ஒழுக்கம் அல்ல" என்று நேற்றைய பதிவுக்கு வந்த மறுப்பை ஏற்க முடியவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் தன் பெயரைத் தானே கடன்காரன் என்று எழுதி, மறுநாள் வந்து தன் கையால் அடிக்கிற பிள்ளை என்ன செய்கிறது? கதை கேட்டுத் தலையாட்டுவதைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நேர்மையாக இருக்க விரும்புகிற பிள்ளைக்கு அப்படி இருக்க வழி வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முதலில் வழியே இல்லை.

14 ஜூன்

ஒளவையார் பாட்டை எடுத்துப் போட்ட ஐயாவுக்கு நன்றி. இந்த விவாதம் முழுவதும் அந்த ஒரு பாட்டுக்குள் இருக்கிறது.

"சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்
வைத்ததொரு கல்வி மனப்பழக்கம் நித்தம்
நடையும் நடைப்பழக்கம் நட்பும் தயையும்
கொடையும் பிறவிக் குணம்."

நடத்தை பழக்கத்தால் வருவது. நட்பு, இரக்கம், கொடை மூன்றும் கூடவே பிறப்பவை. கடைசி வரியைக் காட்டி "பார்த்தீர்களா, பிறவியிலேயே இல்லாதவனுக்கு என்ன சொல்லியும் பயனில்லை" என்று ஐயா முடிக்கிறார். நான் அதே வரியை வேறு மாதிரி படிக்கிறேன். தயை பிறவிக் குணம் என்றால், எல்லாப் பிள்ளைக்கும் அது உண்டு.

2006-இல் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் ஒன்றரை வயதுக் குழந்தைகளோடு செய்த சோதனை இதற்குப் பக்கத்தில் வருகிறது. துணி காயப்போடுகிற ஆள் கிளிப்பைக் கீழே தவறவிட்டு எட்டாமல் தவிப்பதுபோல நிற்பார். குழந்தை தட்டுத் தடுமாறி நடந்துபோய் எடுத்துக் கொடுக்கும். யாரும் சொல்லவில்லை, மிட்டாய் காட்டவில்லை. வேண்டுமென்றே கீழே எறிந்தால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பதில்லை. உதவி தேவையா இல்லையா என்பது அந்த வயதிலேயே புரிகிறது. அதே இருவர் 2008-இல் 20 மாதக் குழந்தைகளோடு செய்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உதவிய ஒவ்வொரு முறையும் பொம்மை கொடுத்துப் பழக்கப்பட்ட குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின.

பிறவிக் குணத்தை நாமே காசு கொடுத்துக் கெடுக்கவும் முடியும்.

15 ஜூன்

பிரம்பு விஷயம். "அடியாத மாடு படியாது", "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று மேலே வரிசையாக வந்துவிட்டன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அடித்தால் உண்மை வருமா என்பதை மட்டும் பார்ப்போம்.

விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் ஒரே வட்டாரத்தில் இருந்த இரண்டு பள்ளிகளைப் பார்த்தார்கள். ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஒன்றில் பென்சிலை மறந்து வந்ததற்குக்கூடப் பிரம்படி, தலையில் அறை, கிள்ளு. இன்னொன்றில் அழைத்துப் பேசுவார்கள், அதிகபட்சம் தலைமையாசிரியர் அறை. 3, 4 வயதுக் குழந்தைகள். முதுகுக்குப் பின்னால் இருக்கும் பொம்மையைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆராய்ச்சியாளர் "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. குழந்தைகள்தானே. "பார்த்தாயா?" என்று கேட்டபோதுதான் வித்தியாசம். அடிக்காத பள்ளியில் பார்த்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் பொய் சொன்னார்கள். அடிக்கும் பள்ளியில் ஏறக்குறைய எல்லாருமே சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. "சரி, அது என்ன பொம்மையாக இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று அடுத்து மடக்கியபோது, அடிக்கும் பள்ளிக் குழந்தைகள் தெரியாததுபோல வேறு பதில் சொல்லிச் சமாளித்தார்கள். மூன்று வயதில் அவ்வளவு தேர்ச்சி.

பிரம்பு மாட்டிக்கொள்ளாமல் இருப்பதைச் சொல்லித் தருகிறது. இதைப் படித்த நாளிலிருந்து பிரம்பை ஆதரிக்கிறவர்களோடு என்னால் இணங்க முடியவில்லை.

15 ஜூன், சற்று கழித்து

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்பதும் பிரம்புதான். கையில் பிடிக்க முடியாத பிரம்பு.

1965-இல் ஜோனதன் ஃப்ரீட்மன் செய்த சோதனை ஒன்று உண்டு. ஆசையைத் தூண்டும் ரோபோ பொம்மையைச் சிறுவர்களிடம் காட்டி, அதைத் தொடாதே என்றார். சிலரைக் கடுமையாக மிரட்டினார், சிலரிடம் "அது சரியில்லை" என்பதோடு விட்டார். அப்போதைக்கு இரண்டு தரப்பும் அடங்கின. வாரங்கள் கழித்து வேறொருவர், தடையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதே அறையில் விளையாட விட்டார். மிரட்டப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் ரோபோவை எடுத்தார்கள். மென்மையாகச் சொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். மிரட்டப்பட்டவனுக்குத் தொடாததற்குக் காரணம் வெளியே இருந்தது; மிரட்டியவர் போனதும் காரணமும் போயிற்று. மற்றவன் "எனக்கு அது வேண்டாம்" என்று தனக்குள்ளே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டான்.

18 ஜூன்

நீதிக் கதைகள் வீண் என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை, ஆனால் எந்தக் கதை என்பது முக்கியம். காங் லீ குழுவே 2014-இல் இதையும் பார்த்தது. 3 முதல் 7 வயதுக் குழந்தைகள், அதே எட்டிப் பார்க்கும் விளையாட்டு. கேட்பதற்கு முன்னால் ஒரு கதை படித்துக் காட்டினார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும், நம் ஊரில் "புலி வருது" என்று சொல்கிற ஆட்டிடையன் கதையும் பலன் தரவில்லை. பலன் தந்தது, சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொள்ள, அப்பா அவனைப் பாராட்டும் கதை. அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது.

நம் பாடப் புத்தகக் கதைகளை நினைத்துப் பாருங்கள். பொய் சொன்னவனுக்கு என்ன கதி ஆயிற்று என்பதில்தான் அநேகமாக முடியும். உண்மை சொன்னால் அதன் பிறகு என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு யார் காட்டுகிறார்கள்?

காந்தி சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து உருகியதை எல்லாரும் சொல்வோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருக்கு 15 வயதில் நடந்தது. அண்ணனின் கைக்காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்துக் கடனை அடைத்தார். மனசு கேட்கவில்லை. நேரில் சொல்ல வாய் வராமல் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். தகுந்த தண்டனையும் கேட்டிருந்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பையன் பிறகு ஆயுள் முழுவதும் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டதற்கு அந்த நாளும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். அப்பா அன்றைக்குப் பெல்ட்டை எடுத்திருந்தால், அடுத்த தடவை அந்தக் கடிதம் வந்திருக்குமா?

19 ஜூன்

காந்தி என்றதும் இன்னொன்று. ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் முதல் வருடம், ஆய்வாளர் ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து எழுதச் சொல்கிறார். "கெட்டில்" என்ற சொல்லைப் பையன் தப்பாக எழுதிவிட்டான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுது என்று வாத்தியாரே பூட்ஸ் நுனியால் சீண்டுகிறார். பையனுக்குப் புரியவே இல்லை. காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே வாத்தியார் நிற்கிறார்?

அது பத்தொன்பதாம் நூற்றாண்டு. இன்று ஆய்வு நாளில் என்ன செய்கிறோம்? "அதிகாரி கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்குங்கள். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை." இந்த ஏற்பாட்டைக் கேள்விப்படாத ஆசிரியர் இருக்கமாட்டார். முதல் நாள் சாயங்காலமே புதிதாக எழுதி, பழைய தேதி போடப்படுகிற நோட்டுகள். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் குறள் வாசித்து விளக்கம் சொல்கிற பிள்ளைதான் மத்தியானம் இடது கையைத் தூக்குகிறது. எந்தப் பாடம் அதன் மனசில் தங்கும்?

2017-இல் தமிழக அரசு 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை குறளின் 105 அதிகாரங்களைப் பாடத்தில் சேர்க்க ஆணையிட்டது. நல்ல காரியம், எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. ஆனால் வாய்மை அதிகாரத்தை எடுக்கிற ஆசிரியரின் பழைய தேதி நோட்டையும் அதே பிள்ளைதான் பார்க்கிறது.

23 ஜூன்

மார்ஷ்மெல்லோ மிட்டாய் சோதனையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தெரியாதவர்களுக்கு: தட்டில் ஒரு மிட்டாய். "நான் வருகிற வரைக்கும் தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்." காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று வால்டர் மிஷல் குழு சொல்ல, சுயகட்டுப்பாடுதான் எல்லாம் என்று உலகம் பிடித்துக்கொண்டது. 2018-இல் டைலர் வாட்ஸ் குழு 900-க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு தேய்ந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை. 2013-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் செலஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் படம் வரையச் சொல்லி, பழைய கிரேயான்களைக் கொடுத்து, "கொஞ்சம் பொறு, நல்லதாகக் கொண்டு வருகிறேன்" என்று போனார்கள். ஒரு பாதிக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மறுபாதிக்கு "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதற்கப்புறம்தான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்டவை 3 நிமிடம். கடைசி வரை காத்திருந்தவர்கள் அங்கே 14-இல் 9 பேர், இங்கே 14-இல் ஒரே ஒருவர்.

கடையில் அழுகிற குழந்தையிடம் "அடுத்த வாரம் வாங்கித் தரேன்" என்கிறோம். வாங்கித் தருவதில்லை. பிறகு அந்தக் குழந்தைக்குப் பொறுமை இல்லை, கிடைத்ததை உடனே வாயில் போடுகிறது என்று வருத்தப்படுகிறோம். அது பார்த்தவரைக்கும் உடனே வாயில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

25 ஜூன்

"இதெல்லாம் சின்னக் குழந்தைகள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்து பாருங்கள்" என்று எழுதிய சக ஆசிரியர் சொல்வது சரி. அது வேறு உலகம்.

மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பது. தனியாக ஆடும்போது 13–16 வயதுக்காரர்களும் பெரியவர்களும் பெரிதாக வேறுபடவில்லை. பக்கத்தில் நண்பர்கள் நின்றதும் பதின்வயதினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. தனியாக அழைத்துப் பேசினால் தங்கமாக இருக்கிறானே, வகுப்பில் ஏன் இப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். இரண்டு பேரும் அவன்தான்.

இந்த வயதில் நேர்மை இன்னொரு நல்ல குணத்தோடு மோதுகிறது. நட்புக்கு விசுவாசம். கண்ணாடியை உடைத்தது யார் என்று கேட்டால் நாற்பது பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். நாம் அதைப் பொய் என்கிறோம். அவர்களுக்கு அது காட்டிக்கொடுக்காமை.

லீடர் பேசுபவர் பெயரைப் போர்டில் எழுதுகிற வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மறுபடி பேசினால் இரண்டு. கொய்யாக்காய் கொடுத்தால் டஸ்டர் எடுத்து ஒரு குறி அழியும். பிடிக்காதவன் வாயே திறக்காமல் இருந்தாலும் பெயர் ஏறும். கூட்டாளியின் பெயர் ஏறவே ஏறாது. பத்து வயதுப் பிள்ளையிடம் காவல், நீதி, தண்டனை மூன்றையும் ஒரு சாக்பீஸோடு ஒப்படைத்துவிட்டு நாம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கிறோம். என் வகுப்பில் இதை நிறுத்திவிட்டேன். வகுப்பு முதலில் சத்தமாகத்தான் இருந்தது, அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு பிள்ளையை உளவாளியாக்குவதைத் தாங்க முடியாது.

2 ஜூலை

பாராட்டு பற்றி. "நீ ரொம்பப் புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட 3, 5 வயதுச் சீனக் குழந்தைகள், "இந்தத் தடவை நன்றாகச் செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்களைவிட அதிகமாக எட்டிப் பார்த்து ஏமாற்றினார்கள், 2017 ஆய்வு. புத்திசாலி என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. முதல் ரேங்க் பிள்ளை பிட்டோடு பிடிபடும்போது நாம் ஆச்சரியப்படுவது தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 1980-இல் ஜோன் க்ருசெக், எரிக்கா ரெட்லர் செய்த சோதனையில், கோலிக்குண்டுகளை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த எட்டு வயதுப் பிள்ளைகளிடம் "நீ மற்றவர்களுக்கு உதவுகிற குணமுள்ளவன்" என்று சொன்னது, "நல்ல காரியம் செய்தாய்" என்பதைவிட நன்றாக வேலை செய்தது. அவர்கள் பிறகும் அதிகம் உதவினார்கள். ஆக, குணத்தைப் பாராட்டலாமா கூடாதா? எனக்குத் தோன்றுவது இது: புத்திசாலித்தனத்தைப் பொய்யாகவும் காட்டலாம், அதனால் அந்தப் பட்டம் ஏமாற்றத் தூண்டும். உதவுகிறவன் என்ற பட்டத்தைக் காப்பாற்ற உதவித்தான் ஆக வேண்டும். இது என் ஊகம்தான். சின்னக் குழந்தைகளிடம் அந்தப் பட்டமும் சுமையாகலாம். உதவப் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டால், "நான் உதவுகிறவன் இல்லை போல" என்று ஒதுங்கிவிடுவதாகப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன.

6 ஜூலை

நேர்மைக் கடையில் சில்லறையும் கடன் நோட்டும் வைத்த பிறகும் திருட்டு இருந்ததா என்று கேட்டவருக்கு: இருந்தது. ஒரு வாரம் விற்பதற்கு வைத்திருந்த நாற்பது பக்க நோட்டுகள் மொத்தமாகக் காணவில்லை.

இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது லாரன்ஸ் கோல்பர்க் நினைவுக்கு வந்தார். சாகக் கிடக்கும் மனைவிக்காக, வாங்க முடியாத விலையுள்ள மருந்தை ஹைன்ஸ் என்பவர் திருடலாமா என்ற புதிரை வைத்துப் பிள்ளைகளின் அறச் சிந்தனையை ஆறு படிகளாகப் பிரித்தவர். பின்னாளில் அவரே புதிரோடு நிற்காமல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் 1974-இல் க்ளஸ்டர் ஸ்கூல் என்ற சிறிய பள்ளி தொடங்க உதவினார். அங்கே விதிகளை மாணவரும் ஆசிரியரும் ஆளுக்கு ஒரு ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ஒரு முறை ஒரு மாணவியின் பையிலிருந்து 9 டாலர் போய்விட்டது. எடுத்தவர் யார் என்று தெரியவில்லை. ஆளுக்கு 15 சென்ட் போட்டு அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுப்போம், நம் இடத்தில் நடந்தது நம் எல்லாருடைய பொறுப்பு என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள்.

நான் கடைப் பொறுப்பிலிருந்த பிள்ளைகளை எட்டாம் வகுப்பு முன்னால் பேச வைத்தேன். யார் எடுத்தது என்று கேட்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அந்த ஆறாம் வகுப்புப் பையன் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டி, நாளைக்குப் புதுச் சரக்கு வாங்கக் காசு இல்லை, கடையை மூட வேண்டியதுதான் என்றான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, ஆளுக்கு இரண்டு ரூபாய் போடலாம் என்றாள். இன்னொருவன், நான் எடுக்காததற்கு நான் ஏன் போடணும் என்றான். அதுவும் நியாயமான கேள்விதான். அதைப் பற்றியே அந்தப் பீரியட் முழுக்கப் பேசினார்கள். ஒளிச்சேர்க்கைப் பாடம் அன்று நடக்கவில்லை. கடைசியில் விருப்பம் உள்ளவர்கள் போடுவது என்று முடிந்தது. கடை தப்பியது. எடுத்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது இதைத்தான். அதிகாரத்தால் அடக்குவதைவிட, அன்பை விலக்கி மிரட்டுவதைவிட, "நீ செய்ததால் அவனுக்கு என்ன ஆயிற்று பார்" என்று காட்டுவதுதான் பிள்ளைக்குள் இறங்குகிறது. நான் காட்டவில்லை. அந்தப் பையனே காட்டினான்.

9 ஜூலை

அமெரிக்காவில் பள்ளிகளுக்கென்றே வடிவமைத்த ஏழு குணவளர்ச்சித் திட்டங்களை 84 பள்ளிகளில் மூன்றாண்டு நடத்தி அளந்து, 2010-இல் அறிக்கை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் பிள்ளைகளின் நடத்தையில் முன்னேற்றம் தெரியவில்லை. "நல்ல திட்டம் இருந்தால் போதும்" என்று எழுதியவருக்கு இது.

20 ஜூலை

ஏழு வயது மகள் என் கைப்பையிலிருந்து காசு எடுத்துவிட்டு இல்லை என்று சாதிக்கிறாள், என்ன செய்வது என்று கேட்ட அம்மாவுக்கு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

எடுத்தது உங்களுக்குத் தெரியும் என்றால் "எடுத்தாயா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பொய்யை வரவழைக்கும். "பையில் இருபது ரூபாய் குறைகிறது, நீ எடுத்தாய் என்று தெரியும், எதற்கு வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள். காரணம் அநேகமாகச் சின்னதாக இருக்கும். எல்லாரும் ஸ்டிக்கர் வைத்திருக்கிறார்கள் என்பதுபோல. அந்தக் காசு எதற்காக வைத்திருந்தது, அது இல்லாததால் நீங்கள் என்ன செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். பால்காரருக்கு வைத்திருந்தேன், அவரைத் திருப்பி அனுப்பினேன் என்பது "திருடுவது பாவம்" என்பதைவிட அவளுக்குப் புரியும். எப்படித் திருப்பித் தருவாய் என்று அவளிடமே கேளுங்கள், தரும்போது மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் சொல்லாதீர்கள். மாமியார், பக்கத்து வீட்டு அக்கா முன்னால் இந்தப் பேச்சு வேண்டவே வேண்டாம். வாரம் பத்து ரூபாய் அவளுக்கென்று கொடுக்க முடிந்தால் கொடுங்கள், அதே நாளில், ஒவ்வொரு வாரமும். கைப்பையை ஒளித்து வைக்காதீர்கள், எப்போதும் வைக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.